பள்ளம் பார்க்கப் போனது

கால் நன்றாக இருக்கிறவர்கள் ஊருக்குப் போகிறார்கள். எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்கள் காசிவரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். சும்மா என்றால் என்ன என்று யாரும் மறித்துக் கேட்டதில்லை. என் கையில் அந்தச் சொல் செல்லாது. நான் வீட்டைவிட்டு ரோட்டுக்கு ஏற ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் என்னைத் தூக்குகிற நாலு பேருக்கும் சம்மதமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் உடனே சம்மதம். ஓட்டுப் போட என்றால் கட்சிக்காரர்களே வந்து தூக்கிப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்து விடத்தான் ஆள் வரவில்லை. கல்யாணம் என்றால் யார் வீட்டுக் கல்யாணம், நீ போகாவிட்டால் தாலி கட்டமாட்டார்களா என்கிற அளவுக்கு விசாரணை நடக்கும்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். வீடு ரோட்டுக்குக் கீழே. எங்கள் மலையில் ஒன்று வீடு ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும்; ரோட்டுக்குச் சமமாக இருந்தால் அது கடை. சமம் என்பது இங்கே தானாக அமைவதில்லை. எங்காவது ஒரு முழம் சமமாகக் கிடந்தால் யாரோ மண்வெட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குக் குழந்தையிலேயே போலியோ வந்தது. சமதரையில் காலை நிமிர்த்திப் பிடிக்கிற இரும்புக் காலிபரும் கக்கத்துக் கட்டையுமாக நடந்துவிடுவேன். ஆக, என் கால்களுக்கும் இந்த மலைக்கும் ஆரம்பத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நான் இருந்தேன், இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ள முடியாமல்.

எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுவில் ஒரு நாற்காலி உண்டு. ஃபேக்டரி ஆபீசில் கழித்துவிட்ட, கை வைத்த மர நாற்காலி. இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரக் கம்பு கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்க வேண்டும். பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சு வலி, நான், எல்லாவற்றுக்கும் அதே நாற்காலிதான். அதற்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. நாற்காலியில் ஒருவரைத் தூக்கிப் போகும்போது எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். பார்க்கிறவர்கள் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ரோடுவரைக்கும் கூட வர வேண்டும். அடுப்பில் காப்பி இருந்தால் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வர வேண்டும், ரொட்டி இருந்தால் ரொட்டி. பஸ் கிளம்பும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேயிலை விலை விழுந்த காலம் அது. ஃபேக்டரியில் மூன்று ஷிப்ட் ஒன்றாகச் சுருங்கியது. இயந்திரம் நின்ற நேரங்களில் மலை எங்கள் காதில் சத்தமில்லாமல் இரைந்தது. லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். பனியன் கம்பெனி இருக்கிறவரைக்கும் பயமில்லை என்று அங்கிருந்து தகவல் வரும். ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த என் அண்ணனும் முடிவெடுத்துவிட்டார். அடுத்த மாதம் கிளம்ப வேண்டியது. அம்மா, அப்பா போன பிறகு நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். லைன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பிள்ளைகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். திருப்பூர் சமமான ஊர், உனக்குத்தான் ரொம்ப நல்லது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னை வாழ்த்தினார்கள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. சமமாகத்தான் இருந்தது, பிறகு போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த ஆசை வந்தது. மலையைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்; அந்த அளவுக்கு நாங்கள் ஒட்டிப் பழகவில்லை என்று முன்பே சொன்னேன். விஷயம் இதுதான். எங்கள் பக்கம் நீலகிரியின் கிழக்கு ஓரம். வாசலில் உட்கார்ந்தால் தேயிலை முடிகிற இடத்தில் தரை அறுந்து விழும். கீழே, வெகு கீழே, சமவெளி. வெயில் நாளில் பவானிசாகர் தண்ணீர் தகரத் துண்டு மாதிரி மின்னும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஓரத்தைப் பார்த்தாயிற்று. மலைக்கு இன்னொரு ஓரம் உண்டு. மேற்கே, கூடலூரைத் தாண்டி நாடுகாணியில். அங்கே நின்றால் நிலம்பூர்க் காடு காலடியில் இறங்கிப் போகும் என்றார்கள். ஒரு வீட்டில் இவ்வளவு காலம் குடியிருந்துவிட்டு, அதன் பின்வாசலைப் பார்க்காமலே காலி செய்வதா. எனக்கு அது சரியாகப் படவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன அம்மிணி இருக்குது?"

"பள்ளமுங்ணா."

"இங்க என்ன இருக்குது?"

"இங்கயும் பள்ளந்தானுங்க."

என்னை மடக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அண்ணியை நாங்கள் நங்கை என்போம். நங்கை ரசம் ஊற்றிக்கொண்டே, "பள்ளத்துக்குப் பள்ளம் ருசி மாறுமாட்ட இருக்குது" என்றார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. மறுநாளே ஒரு யோசனையோடு வந்தார். கோயமுத்தூரில் கால்களுக்கு இலவச முகாம் போடுகிறார்கள், ரெண்டு நாள் லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன் என்றார். லீவுக்கு ஒரு காரணம் வேண்டுமில்லையா. விஷயம் லைனில் பரவியதும் மற்றவர்களும் தங்களால் ஆன காரணங்களைக் கொண்டுவந்தார்கள். நிலம்பூரில் எண்ணெய் போட்டு நரம்பை இழுத்துவிடுகிற வைத்தியர் இருக்கிறாராம், அப்படியானால் போகலாம். கூடலூரில் ஜெபக் கூட்டம், நொண்டிகள் எழுந்து நடக்கிறார்களாம், போகலாம். ஒரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல், தூக்குகிறவர்களுக்கும் புண்ணியம் என்றார் ஒருவர். காலைச் சரிபண்ணுவதற்கென்றால் நிலம்பூர் என்ன, என்னை இமயமலைக்கே தூக்கியிருப்பார்கள். கால் இப்படியே கிடக்கட்டும், கண்ணை மட்டும் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு வருகிறேன் என்றால்தான் விளங்கவில்லை.

லைனின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலிலும் லாரியிலுமாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் லைனில் அவ்வளவு தூரம் பயணம் போன ஆள் வேறு கிடையாது. அதில் ஒரு மைலைக்கூட அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. அவருடைய தங்கச்சி குடும்பத்தைக் கொண்டுபோய் நெல்லியாளத்தில் குடிவைத்துவிட்டார்கள். கப்பலில் ஒன்றாக வந்தவர்கள் மலையில் ஆளுக்கு ஒரு மூலை.

நாடுகாணியில் இறங்கி பஸ் மாறினால் நெல்லியாளம் போகலாம் என்று அந்த அக்காதான் சொன்னார். திருப்பூருக்கு அவரும் வரப்போகிறார், அதற்குமுன் தங்கச்சியைப் பார்க்க வேண்டும். "நீயும் வா புள்ள. போற வழிதான். எறங்கி ஒரு பார்வ பாத்துப்போட்டு போவம்."

தூக்குவது யார் என்று கேட்டேன்.

"நாந்தான். கொழுந்து தூக்கின முதுகு. மழையில நனைஞ்ச கொழுந்து எம்புட்டு கனம்னு ஒனக்குத் தெரியுமா? நீ அம்புட்டு இல்ல. கொழுந்து பேசாது, நீ பேசுவ. அது ஒண்ணுதான் பாடு."

ஆக, வீட்டில் பேச்சு மாறியது. நான் பள்ளம் பார்க்கப் போகவில்லை. அக்கா தங்கச்சியைப் பார்க்கப் போகிறார், நான் அவருக்குத் துணை. என்னைத் துணைக்கு அழைத்துப் போகிற ஒருவர் கிடைத்தது எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் அந்தக் காரணத்தை இரண்டு நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்றார்.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளுக்குப் படி உண்டு. படி இல்லாவிட்டால் வழுக்கும். வழுக்காவிட்டால் குத்த வைத்து உட்கார வேண்டும், அது என் காலிபருக்கு வராது. உள்ளே போவது நம் கையில்தானே இருக்கிறது. அதனால் உள்ளே விடுவதில்லை. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டும்போது எனக்கு ஊர் வந்துவிட்டது மாதிரி ஒரு குதூகலம்கூட வரும்.

அண்ணனிடம் ஒரு கூச்சம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாலு ஆள் வேண்டும் என்று சொல்லப் போனவர், என் தங்கச்சி ஊர் பார்க்கப் போகிறாள் என்று சொல்ல வாய் வராமல், காலையில நாற்காலி வேணும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பயணம் முடிவானது லைனில் வேறு யாருக்கும் தெரியாது.

விடியற்காலையில் தூக்கினார்கள். நாள்கணக்காக எதற்கு, எதற்கு என்று கேட்டவர்கள் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் கதவு திறந்தது. பெண்கள் வாசல் பெருக்குவதை விட்டுவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி வந்தார்கள். ஒரு பிளாஸ்க் வந்தது, இன்னொரு பிளாஸ்க் வந்தது, ரொட்டி வந்தது, குளுக்கோஸ் டப்பா வந்தது. நான் நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்திருந்தேன். அதைப் பார்த்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்னால் கம்பைப் பிடித்தவர் மூச்சுவாங்கியபடி, "தைரியமா இரு கண்ணு" என்றார். தைரியமாகத்தான் இருக்கிறேன் என்றேன். அது அவர்களை இன்னும் உலுக்கிவிட்டது.

ரோட்டில் முதல் பஸ் வந்தது. நாற்காலியைப் பார்த்ததும் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். அண்ணன் அவரிடம், "கொஞ்சம் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதற்குமேல் அவருக்கும் சொல்ல வராது, இவருக்கும் கேட்க வராது. அக்கா என்னை முதுகிலிருந்து சீட்டில் இறக்கினார். பஸ் கிளம்பியது. பின்கண்ணாடியில் லைன் முழுக்க நின்றிருந்தது.

முதல் நிறுத்தத்தில் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை. கையில் இரண்டு கோழியோடு ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். தன் ஊர் ஜன்னலில் பின்னால் போவதை அவர் மரியாதையோடு பார்த்தார். வளைவுகளில் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மெல்லப் பிடிபட்டது.

எனக்கு ஒன்றுமில்லை, நான் டூர் போகிறேன் என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து, பேசக்கூடாது, பேசினால் களைப்பு என்றார். அக்கா எழுந்து நின்று, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகல, நெல்லியாளத்துக்குப் போறம் என்று சத்தமாகவே சொன்னார். நெல்லியாளத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாதே என்று பின்சீட்டில் கவலைப்பட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"போலாங் கண்ணு. நல்லானதும் டூர் போலாம்."

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வலியில் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அவர்கள் கைகள் அவ்வளவு மெதுவாக இருந்தன. கோபம் வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்கு மெதுவாக.

உள்ளே ஒரு டாக்டரம்மா. என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். பிறகு எப்படி வந்தீர்கள்? பஸ் கொண்டு வந்துவிட்டது என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கூடுதலாக இருக்கிறது, கோபமாக இருக்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். பிறகு என் உதட்டைப் பார்த்தார்.

"கடைசியா எப்போம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து மத்தியானமுங்க."

"ஏன்?"

"இன்னிக்குப் பயணமுங்க."

அவர் ஆயாவைக் கூப்பிட்டு, பிரசவ வார்டுப் பக்கம் இருந்த கழிப்பறையைத் திறந்துவிடச் சொன்னார். உட்காருகிற பீங்கான். பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் குழாய். வாசலில் படி இல்லை. தரை காய்ந்திருந்தது. எத்தனையோ கோயில்களுக்கு என்னைத் தூக்கிப் போயிருக்கிறார்கள்; எந்தச் சந்நிதியிலும் எனக்கு அப்படிக் கண் கலங்கியதில்லை. வெளியே வந்து ஒரு ஜக்கு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தேன்.

வாசலில் பஸ் அப்படியே நின்றிருந்தது. யாரும் இறங்கவில்லை. கோழிக்காரர் உட்பட எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று டிரைவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

பஸ்ஸுக்குள் ஒரு பெருமூச்சு போனது. நான் எங்கே போகக் கிளம்பினேன், எதற்கு என்பதை அக்கா இப்போது முதலிலிருந்து சொன்னார். டிரைவருக்கு முகம் விழுந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். சொன்னோம் என்றார் அக்கா. அவர் ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். பிறகு, இதே பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழ் கோத்தகிரிக்குத் திரும்பும், வீட்டு வாசலுக்கு நேராக ரோட்டில் நிறுத்தி நானே தூக்கிவிடுகிறேன், காசு வேண்டாம் என்றார். ஊட்டிக்குப் போகிற காலை பஸ் போய்விட்டது என்றும் சொன்னார். அடுத்ததைப் பிடித்து, அங்கிருந்து கூடலூர் பஸ் பிடித்து, நாடுகாணிக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது இறங்கிவிடும். தண்ணீர் வேறு குடித்துவிட்டாய் என்று என் உடம்பு எனக்கு நினைவூட்டியது. அக்காவுக்கு முதுகு நிமிரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீ சொல்லு புள்ள" என்றார்.

திரும்பிப் போனால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நாற்காலி காத்திருக்கும். நாலு பேர் வருவார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன செய்தியில் லைனே சந்தோஷப்படும். அடுத்த மாதம் லாரியில் சாமானோடு சாமானாக என்னை ஏற்றுவார்கள், மேட்டுப்பாளையம் இறங்கினால் தீர்ந்தது.

ஊட்டிக்கு என்றேன்.

அந்த பஸ்ஸே எங்களை ஊட்டி பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டது. கோழிக்காரர் இறங்கிக் கை கொடுத்தார். கோழியை அக்கா பிடித்துக்கொண்டார்.

ஊட்டியில் கூடலூர் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் வாருங்கள் என்றார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பஸ்களில் கூட்டமாகிவிடுவது எனக்குப் பழக்கம். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கம்பளியால் என்னை முதுகோடு இறுக்கிக் கட்டி, முன்வாசல் வழியாக ஏறி, ஜன்னலோரத்தில் இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார். "சரக்கு ஏத்தியாச்சு தம்பி. இனி எறக்குறதுன்னா நீதான் எறக்கோணும்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

அந்த வழியை எப்படிச் சொல்வது. காரட் கழுவுகிற தண்ணீரில் சிவப்பு மண் ஓடியது. கற்பூர மரங்கள் தோலை உரித்துப் போட்டுவிட்டு நின்றன. பைக்காராத் தண்ணீர் ஒரு பக்கம் வந்தது, மறைந்தது, ஏமாற்றிவிட்டு மறுபக்கம் வந்தது. நடுவட்டம் தாண்டினதும் சாலை பிடியை விட்டது. வளைவு, வளைவுக்குள் வளைவு, ஒவ்வொரு வளைவிலும் குளிரில் ஒரு தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினோம். ஸ்வெட்டர் போனது. மப்ளர் போனது. காற்றில் மிளகு வந்தது, காப்பிப் பூ வந்தது, ஈரமான பலாக் கட்டை வந்தது. என் கால்கள் எப்போதும் போலச் சும்மா கிடந்தன. உடம்பின் மற்ற பாகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் என்னை மாதிரிதான். ஒருத்தருக்கும் கால் இல்லை. அந்தச் சமத்துவத்துக்காகவே நான் எந்த ஊருக்கும் போவேன்.

கூடலூரில் இன்னொரு பஸ் மாறி நாடுகாணியில் இறங்கும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. இறங்குகிற படி உயரம்; அக்காவின் கால் மடங்கி, இடுப்பு பிடித்துக்கொண்டது. எப்படியோ ரோட்டோரத்து டீக்கடை பெஞ்சுவரைக்கும் என்னைச் சேர்த்துவிட்டு, அவரும் அதிலேயே விழுந்தார். இதற்குமேல் ஒரு அடிகூட முடியாது, நெல்லியாளம் போகிற பஸ் இங்கேதான் நிற்கும், அதுவரை பாரு என்றார். டீக்கடைக்காரர் விசாரித்துவிட்டு, வனத்துறைத் தோட்டம் இருக்கிறது, மேலே போனால் நன்றாகத் தெரியும் என்றார். படி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பெஞ்சுக்கு நேர் எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், மலை முடிகிற இடம். கைப்பிடிச் சுவர் இருந்தது. அதற்கு அப்பால் பள்ளம். சுவருக்கும் எனக்கும் நடுவே, சுவரை ஒட்டி, முன்னும் பின்னும் அளந்து வைத்த மாதிரி ஒரு லாரி நின்றிருந்தது. ஊட்டி முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு கீழே கேரளாவுக்கு இறங்குகிற லாரி. தார்ப்பாய்க்கு மேலே கொஞ்சம் வானம் தெரிந்தது. வானம் எங்கள் வீட்டிலும் உண்டு.

நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அந்தி ஆவதற்குள் பஸ் வந்துவிடும் என்றார் டீக்கடைக்காரர். வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நெல்லியாளம் பஸ்தானா என்று திரும்பிப் பார்த்தேன். கட்டையை ஊன்றி எழுந்து பார்த்தேன். ரோடு சரிவு, கட்டை நுனி ரப்பர் வழுக்கியது, உட்கார்ந்துவிட்டேன். சொந்தக் காலில் போகிறவர்கள் நாலு எட்டு தள்ளி நின்றால் தெரிகிற பள்ளம் அது. எனக்கு அந்த நாலு எட்டுக்கு இன்னொரு பயணம் வேண்டியிருந்தது.

லாரி டிரைவர் பெஞ்சின் மறுமுனையில் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். மலையாளி. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்து, தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியது அத்தனையும் அக்காவிடம் தயாராக இருந்தது எனக்குத் தெரியும்: தங்கச்சி, நெல்லியாளம், திருப்பூர், போலியோ, காலையில் ஆஸ்பத்திரி. தேவைப்பட்டால் ஒரு வேண்டுதலையும் சேர்த்திருப்பார்.

"அண்ணே, அந்த லாரி. இந்தப் புள்ள அங்கிட்டு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். காலிபரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மீதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அக்கா, அது எதுக்குன்னா அண்ணே, என்று தொடங்கினார். அவர் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

லாரி இருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெளிச்சம் விரிந்தது. ஒரு மரத்தின் தலை. அதற்குக் கீழே இன்னொரு மரத்தின் தலை. லாரி நின்றது. அவர் ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இத்தற மதியோ?"

இவ்வளவு போதுமா என்கிறார். நாளெல்லாம், வருஷமெல்லாம் எல்லோரும் ஏன் என்று கேட்ட இடத்தில் ஒரு மனிதர் எவ்வளவு என்று கேட்டது எனக்கு உடனே விளங்கவில்லை. பழக்கத்தில் போதும் என்று வாய் திறந்துவிட்டது. தூக்குகிறவர்களிடம் எப்போதும் அதைத்தான் சொல்வேன். பாதி வழியிலேயே சொல்லிவிடுவேன், அவர்களுக்குச் சிரமம். நாக்கு நுனியில் இருந்த அந்தச் சொல்லை விழுங்கினேன்.

"இன்னும் கொஞ்சமுங்க."

லாரி இன்னும் கொஞ்சம் போனது. நின்றது. அவர் பார்த்தார். நான் கையை ஆட்டினேன், இன்னும். இன்னும். பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. அவர் அதற்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு, வளைவுவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

காடு இறங்கிக்கொண்டே இருந்தது. பச்சை கறுப்பாகி, கறுப்பு நீலமாகி, நீலம் புகையாகி, எங்கே தரை முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று ஒருவரும் கோடு போட்டு வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சூரியன் மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் அது என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் அவசரமில்லாமல். அதன் வெளிச்சம் ரோட்டைக் கடந்து, என் காலிபர் இரும்பில் ஏறி, மடியில் உட்கார்ந்தது.

"எப்பிடி புள்ள?" என்றார் அக்கா.

"பள்ளந்தாங்க்கா."

அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். முதுகை அப்படியும் இப்படியும் அசைத்து பெஞ்சில் சாய்ந்தார். நெல்லியாளம் பஸ் வந்தது. எங்களுக்கு முன்னால் நின்று மறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, ஏறலையா என்று கேட்டார். அக்கா அடுத்தது எப்போது என்றார். ஒரு மணி நேரம் ஆகும், இருட்டிவிடும் என்றார் அவர்.

அக்கா எழுந்திருக்கவில்லை. தள்ளிப் போ என்று பஸ்ஸுக்குக் கை காட்டினார்.